படத்தைத் தமிழ் எழுத்துகளாலேயே வரைய வழி உண்டா?

முத்தியால்பேட்டை வாசகி:
புதுச்சேரி கடற்கரைச் சாலையில் 1836இல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கத்தைப் படமெடுத்து, அதை எழுத்துகளால் உருவாக்கி, அக்காள் வீட்டுக் கிரகப்பிரவேசத்திற்குச் சட்டமிட்டுக் கொடுக்க ஆசை. ஆங்கிலக் குறிகளை இட்டால் கச்சிதமாக வருகிறது. தமிழை இட்டவுடன் கோபுரம் நெளிகிறது. எனக்குத் தமிழில்தான் வேண்டும்.

மஞ்சக்குப்பம் தட்டச்சர்:
தாராளமாகச் செய்யலாம், அம்மா. கடலூரில் தட்டச்சுப் பயிலகம் நடத்தியவன் நான். ஆங்கில மிஷினில் எந்த விசையைத் தட்டினாலும் நகர்வது ஒரே அளவுதான்: பைகா எழுத்தில் அங்குலத்துக்கு 10 எழுத்து, மேலிருந்து கீழே 6 வரி. அதனால்தான் பிள்ளைகள் புள்ளியையும் எக்ஸையும் மட்டும் அடித்தே பிள்ளையாரை வரைந்துவிடுவார்கள். கணினிக்கான ஆங்கிலக் குறித்தொகுப்பான ஆஸ்கியின் 95 அச்சுக் குறிகளும் சம அகல எழுத்துருவில் அப்படியே அடங்கும். நம் ‘ர’வும் ‘ணை’யும் ஒரே அகலத்தில் நிற்குமா?

ஆகவே வரியாக அடிக்காதீர்கள். விரிதாளில் சதுரக் கட்டங்கள் போட்டு, கட்டத்துக்கு ஓர் எழுத்தை நடுவில் வையுங்கள். ஆங்கில எழுத்தின் இடம் அகலத்தைவிட உயரமானது என்பதால் படத்தின் உயரத்தைப் பாதியாக்குவோமே, சதுரக் கட்டத்தில் அது வேண்டாம். கணினி நிரல் எழுதித் தாலாட்டு போன்ற தமிழ் வரியைக் கட்டங்களுக்குப் பிரித்தால், முழு எழுத்தாகப் பிரிக்கச் சொல்லுங்கள். இல்லையேல் ‘கொ’வின் ககரம் ஒரு கட்டத்திலும், கொம்பும் காலும் புள்ளிவட்டத்தோடு அடுத்த கட்டத்திலும் போய் நிற்கும்.

அடுத்தது மை, அதாவது எந்த எழுத்து எவ்வளவு கறுப்பாகத் தெரியும் என்பது. ஒவ்வோர் எழுத்தையும் ஒரே அளவில் படமாக்கி, கறுப்புப் புள்ளிகளை எண்ணி வரிசைப்படுத்துங்கள். ‘ட’, ‘ப’ வெளிச்சத்துக்கு. ‘ண’, ‘ஞ’, ‘ஜ’ இருட்டுக்கு. கோபுரத்தின் இடது விளிம்புக்கு ‘ட’வைப் போல் அமைவது வேறில்லை, அதன் நெடுங்கோடு இடப்பக்கமே நிமிர்ந்து நிற்கிறது. வெளிர் கோபுரம் வெளிர் வானத்தில் கரைந்துவிடும், அதனால் ஒரு பக்கம் நிழல் விழும் நேரத்தில் படமெடுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர் தமிழாசிரியர்:
ஐயா சொல்லும் முறையில் படம் வரும். படிக்க ஒன்றும் இராதே! சம்பந்தரின் திருவெழுகூற்றிருக்கையைத் தேர் வடிவில் அடுக்கி எழுதும் ரதபந்தம் நம்மிடம் இருக்கிறது. அதில் வடிவமும் தெரியும், பாட்டும் கேட்கும். எழுத்தை வெறும் மையாகப் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

முத்தியால்பேட்டை வாசகி:
ஆசிரியர் ஐயா சொன்னது மனத்தில் தைத்தது. அக்காள் வீட்டார் பெயர்களும் ஆத்தாள் பாடிய தாலாட்டும் வரிசை மாறாமல் வர வேண்டும். முடியுமா?

மஞ்சக்குப்பம் தட்டச்சர்:
முடியும். ஆனால் அப்போது இருட்டுக்கு ஏற்ற எழுத்தைப் பொறுக்க முடியாது. தாலாட்டில் அடுத்து வருவதைத்தான் வைக்க வேண்டும். எனவே எழுத்தை மாற்றாமல் தடிப்பை மாற்றுங்கள். மெலிந்ததிலிருந்து மிகத் தடித்ததுவரை பல தடிப்புகள் உள்ள எழுத்துரு ஒன்றை எடுத்து, நிழலுக்குத் தடித்ததும் ஒளிக்கு மெலிந்ததுமாக இடுங்கள். பெயர்களைக் கோபுரத்தின் அடியில் வைத்தால் நன்றாகப் படிக்கலாம், அங்கே நிழல் அடர்த்தி. ஏ3 தாளுக்குக் கீழே போகாதீர்கள். சிறியதில் ‘ன’வும் ‘ண’வும் ஒன்றாகிவிடும்.