மார்க்கெட் ஆர்டரா, லிமிட் ஆர்டரா: உறுப்பினர்களின் அனுபவங்கள்

மதுரை உறுப்பினர்:

பணி ஓய்வு பெற்ற என் மாமா, அதிகம் கைமாறாத சிறிய நிறுவனம் ஒன்றின் 500 பங்குகளை, கிடைக்கும் விலைக்கு உடனே வாங்கும் மார்க்கெட் ஆர்டரில் வாங்கினார். திரையில் கடைசி விலை 84.50 ரூபாய் என்று இருந்தது. அவருக்கு அமைந்த சராசரி விலையோ ஏறக்குறைய 87 ரூபாய். தரகர் ஏமாற்றிவிட்டதாகக் கொதித்த அவரிடம் மாலையில் வந்த, அன்றைய வர்த்தக விவரங்கள் அடங்கிய கான்ட்ராக்ட் நோட்டைக் காட்டினேன். 84.90க்கு 40 பங்குகள், 85.50க்கு 110, 86.75க்கு 150 என்று விற்பனைக்கு நின்றவற்றையெல்லாம் எடுத்த பிறகும் தேவை தீராததால், மீதி 200 பங்குகளை அவருடைய ஆர்டர் 88.40க்கு வாங்கியிருந்தது. ஆர்டர் போடும் முன், எந்த விலைக்கு எத்தனை பங்குகள் நிற்கின்றன என்று காட்டும் மார்க்கெட் டெப்த்தைத் திறந்திருந்தால் இந்த நான்கு விலைகளும் அங்கேயே தெரிந்திருக்கும். இப்போது அவர் விற்போர் கேட்கும் விலைக்குச் சற்று மேலே வரம்பு வைத்து லிமிட் ஆர்டர் போடுகிறார். அதற்குள் கிடைப்பது உடனே வந்துவிடும், மீதி வரிசையில் காத்திருக்கும்.

2012 அக்டோபர் 5 அன்று ஒரு தரகு நிறுவனத்தின் தவறான விற்பனை ஆர்டர்கள் வாங்க நின்றவற்றையெல்லாம் எடுத்துத் தீர்த்ததால் பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி 15 விழுக்காட்டுக்கு மேல் சரிந்ததும், பெரிய அளவில், இதே கதைதான்.

கோவை உறுப்பினர்:

வாங்கும்போது லிமிட் ஆர்டரே நல்லது என்று மதுரை நண்பர் சொல்வதை அப்படியே ஏற்கிறேன்; நஷ்டத்தைத் தடுக்க விற்கும்போது ஏற்க மாட்டேன். என்னுடன் பணியாற்றுபவர் ஒரு பங்குக்கு, விலை சரிந்தால் தானாக விற்க முயலும் ஸ்டாப்லாஸ் ஆர்டர் போட்டு, அதை இயக்கும் தூண்டுவிலையை 400 ரூபாயாகவும், விற்கச் சம்மதிக்கும் குறைந்தபட்ச விலையான லிமிட்டை 398 ஆகவும் வைத்திருந்தார். நிறுவனத்தின் காலாண்டு முடிவு மோசமாக வந்ததால், மறுநாள் காலை பங்கு 385இல் திறந்தது. ஆர்டர் தூண்டப்பட்டது, ஆனால் 398 கொடுக்க ஆளில்லாததால் நாள் முழுவதும் நிறைவேறாமல் கிடந்து, சந்தை முடிந்ததும் தானாகவே ரத்தானது. தூண்டப்பட்டதும் கிடைக்கும் விலைக்கு விற்கும் ஸ்டாப்லாஸ் மார்க்கெட் ஆர்டராக இருந்திருந்தால் 385ஐ ஒட்டியாவது வெளியேறியிருப்பார்.

குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தங்களான ஆப்ஷன்களில் இந்த வசதியும் இல்லை. தேசியப் பங்குச் சந்தை 2021 செப்டம்பரிலேயே அவற்றுக்கு ஸ்டாப்லாஸ் மார்க்கெட் ஆர்டரை நிறுத்திவிட்டது. ஆகவே அங்கே தூண்டுவிலைக்கும் லிமிட்டுக்கும் இடையில் தாராளமாக இடைவெளி விடுகிறேன். வாங்குவோரும் விற்போரும் நெருக்கமாக நிற்கும் நிஃப்டி 50 பங்குகளில் மார்க்கெட் ஆர்டரில் வெளியேற நான் தயங்குவதில்லை, காலை 9.15க்குச் சந்தை திறந்த முதல் சில நிமிடங்களில் மட்டும் அதைத் தவிர்க்கிறேன்.