9என்-ஆ, 8என்-ஆ? பழைய ஃபோர்டு டிராக்டரை அடையாளம் காண்பது எப்படி?

கேள்வி: ஒரு பழைய ஃபோர்டு பார்த்து வைத்திருக்கிறேன். பானெட்டின் பக்கவாட்டில் 8என் போலவே 'ஃபோர்டு' என்று புடைப்பெழுத்து, ஆனால் முன் கியர் மூன்றுதான். எதை நம்புவது?

பதில் 1: கியரைத்தான் நம்ப வேண்டும். 1947-இல் வந்த 8என்-க்கு நான்கு கியர், இரண்டு பிரேக் மிதியும் வலப்பக்கம். 9என் (1939), 2என் (1942) இரண்டிலும் மூன்று கியர், பிரேக் பக்கத்துக்கு ஒன்று. பானெட், மட்கார்டு எல்லாம் போல்ட்டைக் கழற்றினால் வேறு வண்டிக்கு மாறிவிடும், பெயின்ட்டைச் சொல்லவே வேண்டாம்.

பதில் 2: எஞ்சின் பிளாக்கின் இடப்பக்கம் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எண்ணைப் பாருங்கள். 2என்-இலும் 9என் என்றே முத்திரை தொடங்கும், அதனால் முன்னெழுத்தை விட்டுவிட்டு எண் எந்த ஆண்டு வரிசையில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். அதுவும் எஞ்சினின் வயதைத்தான் சொல்லும், வேறு எஞ்சின் ஏற்றியிருக்கலாம்.

கேட்டவர்: பிரேக் பக்கத்துக்கு ஒன்றுதான். ரப்பர் டயர் இருப்பதால் போர்க்கால 2என் இல்லை என்று வைத்துக்கொள்ளலாமா?

பதில் 1: கூடாது. ரப்பர் தட்டுப்பாட்டில் இரும்புச் சக்கரத்தோடும், பேட்டரி இல்லாமலே பொறி தரும் மேக்னீட்டோவோடும் வந்த வண்டிகள் பலவற்றுக்குப் பிறகு டயரும் பேட்டரியும் போட்டுவிட்டார்கள்.