வைக்கோல் போர் தீ: வண்டித் தண்ணீர் பத்து நிமிடம்கூட வரவில்லை, ஏன்?

வயல்காட்டான்:
எங்களுடையது பேரூராட்சி. தீயணைப்பு நிலையத்தில் ஒரே ஒரு வண்டி. போன மாதம் பக்கத்துத் தோட்டத்தில் வைக்கோல் போர் பிடித்துக்கொண்டது. 101-க்கு அடித்ததும் சீக்கிரமே வந்துவிட்டார்கள், ஆனால் பத்து நிமிடத்துக்குள் தண்ணீர் காலி. நிரப்பிக்கொண்டு திரும்புவதற்குள் தீ மறுபடி கிளம்பிவிட்டது. அருகிலேயே கிணறு, 40 அடிக்குக் கீழே நிறையத் தண்ணீர், அதில் எடுக்கவே இல்லை. ஊரில் ஆளாளுக்குத் திட்டுகிறார்கள். பெரிய வண்டி கேட்டு மனுக் கொடுத்தால் சரியாகுமா?

பழைய தீயணைப்பாளர்:
தம்பி, துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் சொல்கிறேன், அவர்களைத் திட்ட வேண்டாம். சின்ன ஊர்களில் பெரும்பாலும் நிற்பது 4,500 லிட்டர் வாட்டர் டெண்டர்தான், அதாவது தொட்டியோடு வரும் தீயணைப்பு வண்டி. 20 மி.மீ. முனையில் 4 பார் அழுத்தத்தில் அடித்தால் நிமிடத்துக்கு 500 லிட்டருக்கு மேல் போகும், அப்படியென்றால் எட்டு நிமிடம், இரண்டு ஹோஸ் போட்டு அடித்தால் நாலே நிமிடம். வண்டித் தண்ணீரை வைத்துத் தீ பரவாமல் மடக்கலாம், அதற்குள் அடுத்த தண்ணீரைப் பிடித்தாக வேண்டும்.

கிணற்று விஷயம் வேறு. சக்‌ஷன் ஹோஸ், அதாவது உறிஞ்சு குழாய், போட்டுப் பம்ப் இழுப்பதுபோலத் தெரிந்தாலும் தண்ணீரை மேலே தள்ளுவது காற்றழுத்தம்தான், அதற்குக் கணக்குப்படியே 10 மீட்டர்தான் எல்லை, நடைமுறையில் ஏழெட்டு மீட்டரைத் தாண்டினால் பம்ப் பிடிக்காது. உங்கள் கிணறு 12 மீட்டர். எவ்வளவு பெரிய வண்டி வந்தாலும் மேலே நின்று அதை உறிஞ்ச முடியாது. ஏரி, வாய்க்கால் என்றால் கரையில் நிறுத்தி எடுத்துவிடலாம், சேறு ஏறாமல் குழாய் முனையில் இருக்கும் ஸ்ட்ரெய்னரை (வடிகட்டி) கூடைக்குள் வைத்து இறக்குவோம்.

மேட்டுக்காடு:
எங்கள் பக்கம் தோட்டத்து மோட்டார் பைப்பையே வண்டி டேங்கில் திருப்பிவிடுவோம். அப்புறம் ஒன்று, போரின் மேலே எவ்வளவு அடித்தாலும் உள்ளே கனன்றுகொண்டேதான் இருக்கும். ஜேசிபி வைத்துப் பிரித்துப் போட்டு நனைத்தால்தான் அணையும். உங்களுக்கு மறுபடி கிளம்பியது அதனால்தான் இருக்கும்.

வயல்காட்டான்:
மோட்டார் யோசனை நல்லதுதான் அண்ணா, ஆனால் போருக்கு மேலே மின்கம்பி போகிறது என்று அன்றைக்குக் கரண்டையே நிறுத்திவிட்டார்கள்.

பழைய தீயணைப்பாளர்:
நிறுத்தியதுதான் சரி, கரண்ட் ஓடும் கம்பிக்குக் கீழே தண்ணீர் பீய்ச்சுவது உயிருக்கே ஆபத்து. அந்த மாதிரி நேரத்தில், ஆழமில்லாத தண்ணீர் என்றால் டீசல் இன்ஜின், இல்லையென்றால் டிராக்டர் டேங்கர். 101-க்குப் பேசும்போதே எரிவது வைக்கோல், மேலே கம்பி போகிறது, பக்கத்தில் எங்கே தண்ணீர் என்று சொல்லிவிடுங்கள், ஜேசிபிக்கும் அப்போதே ஆள் அனுப்புங்கள்.

மனு கொடுப்பதானால் பெரிய வண்டி கேட்காதீர்கள், அது உங்கள் தோட்டத்துப் பாதையில் திரும்பாது. நீரில் மிதக்கவிட்டு மேலே தள்ளும் பம்ப் ஒன்றை நிலையத்துக்குக் கேளுங்கள், ஆழக் கிணற்றுக்கு அது ஒரு வழி. பேரூராட்சியில், மேல்நிலைத் தொட்டியின் அடியில் 63 மி.மீ. ஹோஸ் மாட்டுகிற கப்ளிங்கோடு (இணைப்பு) ஒரு வால்வு வைக்கச் சொல்லுங்கள். செலவு குறைவு, நிரப்ப ஊர் சுற்ற வேண்டியதில்லை.

வயல்காட்டான்:
நன்றி ஐயா. வால்வு மனுவை இந்த வாரமே எழுதுகிறேன்.