‘பிலிட்டில்’ என்ற ஆங்கில வினைக்குக் ‘குறைத்து மதிப்பிடுதல்’ பொருந்துமா?

கேட்டவர்:
அனைவருக்கும் வணக்கம். நான் பணிபுரியும் இடத்தில் ஊழியர் நடத்தை விதிகளைத் தமிழில் பெயர்க்கும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. செய்யக் கூடாதவற்றைச் சொல்லும் பத்தியில் ‘பிலிட்டில்’ என்ற வினை மூன்று முறை வருகிறது. சக ஊழியரை, அவருடைய வேலையை, அவர் கொடுத்த புகாரை ‘பிலிட்டில்’ செய்யக் கூடாது என்பது விதி. மூன்று இடத்திலும் ‘குறைத்து மதிப்பிடுதல்’ என்று எழுதியிருந்தேன். சரிபார்த்த மூத்தவர், “இதில் குற்றம் எங்கே இருக்கிறது?” என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். அவர் கேட்பது நியாயமாகவே படுகிறது. ஆனால் வேறு சொல் அகப்படவில்லை. அகராதியில் இதனோடு ஒரே வரிசையில் தரப்படும் ‘டிஸ்பேரிஜ்’, ‘டெனிகிரேட்’, ‘டெப்ரிகேட்’ ஆகியவையும் இதே பொருள்தானா என்பதையும் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (ஆங்கில ஆசிரியை):
உங்கள் மூத்தவர் சரியான இடத்தில்தான் விரல் வைத்திருக்கிறார். குறைத்து மதிப்பிடுதல் என்பது ‘அண்டர்எஸ்டிமேட்’. அது கணிப்பில் நேரும் பிழை. எதிரணியின் பலத்தைக் குறைத்து மதிப்பிட்ட அணித்தலைவர் ஏமாந்துபோகிறாரே தவிர, யாரையும் அவமதிப்பதில்லை. ‘பிலிட்டில்’ அப்படியன்று. ஒருவருடைய தகுதியோ உழைப்போ அற்பமானது என்று தோன்றும்படி பேசுவதும் நடந்துகொள்வதும் அது. பெரும்பாலும் பிறர் முன்னிலையில் நிகழும். உரத்த குரலோ வசைச்சொல்லோ தேவையில்லை. “இதைச் செய்யவா உனக்கு இரண்டு நாள் ஆயிற்று?” என்று புன்னகையோடு கேட்டாலே போதும். ஆகவே ‘இன்சல்ட்’ என்பதும் இதற்கு முழு ஈடாகாது. இலக்கணத்தில் இது செயப்படுபொருளை நேரடியாக ஏற்கும் வினை. இடையில் ‘அபௌட்’ போன்ற சொல் வராது.

மறுமொழி 2 (மொழிபெயர்ப்பாளர்):
ஆசிரியை அம்மா சொன்னதோடு இச்சொல்லின் பிறப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் உங்களுக்குத் தேவையான தமிழ்ச்சொல் அங்கேயே கிடைக்கிறது. அமெரிக்காவின் மூன்றாவது அதிபரான தாமஸ் ஜெபர்சன், வர்ஜீனியாவைப் பற்றி 1780களில் எழுதிய நூலில்தான் இச்சொல் முதன்முதலில் பதிவாகியிருப்பதாகக் காட்டுவார்கள். புதிய கண்டமான அமெரிக்காவின் விலங்குகள் ஐரோப்பிய விலங்குகளைவிடச் சிறுத்துப்போனவை என்று பிரெஞ்சு இயற்கையியலர் புஃபோன் எழுதியிருந்தார். அதை மறுக்கும்போது, இயற்கை தன் படைப்புகளைச் சிறிதாக்குகிறது என்ற பொருளில் ஜெபர்சன் இதைக் கையாண்டார். எங்கள் தாய்மொழியையாவது விட்டுவையுங்கள் என்று 1787இல் லண்டன் இதழ் ஒன்று அவரைக் கண்டித்தது. உடலளவைக் குறித்த அந்தச் சொல் பின்னர்ப் பேச்சால் ஒருவரைச் சிறிதாக்குவதைக் குறிப்பதாயிற்று. ‘சிறிய’ என்று பொருள்படும் ‘லிட்டில்’ என்ற பெயரடையின் முன் ‘பி’ என்ற ஒட்டைச் சேர்த்து ஆங்கிலம் வினையாக்கியதைத் தமிழ் ‘சிறுமை’யோடு ‘படுத்து’ சேர்த்துச் செய்கிறது. சிறுமைப்படுத்துதல் என்பது இவ்வளவு நெருக்கமாகப் பொருந்துவது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

நீங்கள் கேட்ட மற்றச் சொற்கள் ஒரே குடும்பமாகத் தோன்றினாலும் அவை வந்த வழிகள் வேறு. ‘டிஸ்பேரிஜ்’ என்பதற்குப் பழைய பொருள், தகுதிக்குக் குறைந்த இடத்தில் மணமுடித்துவைத்தல். 1215ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னர் ஏற்ற உரிமைச் சாசனமான மாக்னா கார்ட்டாவில், வாரிசுகளை அவ்வாறு மணமுடித்துவைக்கலாகாது என்ற விதியே உண்டு. இன்று அது மதிப்பில்லாதவர் என்று தாழ்த்திப் பேசுவதைக் குறிக்கும். ‘டெனிகிரேட்’ கருமையைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. நற்பெயருக்குக் களங்கம் கற்பித்தல் என்று சொல்லலாம். ‘டெப்ரிகேட்’ தொடக்கத்தில், தீங்கு விலக வேண்டுமென்று வேண்டிக்கொள்வதைக் குறித்தது. கணினித்துறையில் இன்னும் இயங்கினாலும் இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட நிரல்கூறுக்கு இச்சொல்லைச் சொல்கிறார்கள். உங்கள் விதிக்கு அது உதவாது.

மறுமொழி 3:
சிறுமைப்படுத்துதல் நல்ல சொல்தான். ஆயினும் மூன்று இடத்திலும் அதையே போட வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு மனிதரைச் சிறுமைப்படுத்தலாம். ஆனால் புகாரைச் சிறுமைப்படுத்தினார் என்றால் தமிழ்க் காது ஏற்பதில்லை. வேலையைக் குறித்துச் சொல்லும்போது ‘மட்டம் தட்டுதல்’ என்று எழுதுங்கள். பேச்சுவழக்கு என்று சிலர் தயங்கலாம். ஆனால் அந்த விதிகளைப் படிக்கப்போகும் ஊழியர், தமக்கு நேர்ந்தது எது என்பதை அந்தச் சொல்லில்தான் சட்டென்று அடையாளம் காண்பார்.

கேட்டவர்:
மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. பத்தியை இப்படி மாற்றியிருக்கிறேன்: “சக ஊழியரைச் சொல்லாலோ செயலாலோ சிறுமைப்படுத்துவதும், அவர் செய்த வேலையை மட்டம் தட்டிப் பேசுவதும், அவர் அளித்த புகாரை அற்பமானதென்று தள்ளிப் பேசுவதும் விதிமீறலாகும்.” அடுத்த பக்கத்தில், மேலாளர் சொல்வதாக, ‘உங்கள் முயற்சியை பிலிட்டில் செய்வது என் நோக்கமன்று’ என்ற தொடர் வருகிறது. அங்கே சிறுமைப்படுத்துதல் மிகக் கடுமையாக ஒலிக்கிறது.

மறுமொழி 2 (மொழிபெயர்ப்பாளர்):
அங்கே ‘உங்கள் முயற்சியை நான் குறைத்துச் சொல்லவில்லை’ என்று எழுதிவிடுங்கள். ‘மதிப்பிடுதல்’ நீங்கிச் ‘சொல்லுதல்’ வந்துவிட்டதால், உங்கள் மூத்தவர் கேட்ட கேள்வி இங்கே எழாது.