‘ஸ்லாதர்’: தடவுவதா, பூசுவதா, அப்புவதா?

கேள்வி:
சேலம் தட்டுவடை செட் பற்றி ஆங்கிலத்தில் சின்னக் குறிப்பு எழுத வேண்டும். சட்னி தடவும் இடத்தில் ‘ஸ்லாதர்’ (slather) என்ற சொல்லைப் போடலாமா? ‘ஸ்ப்ரெட்’டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பின்னால் ‘ஆன்’ வருமா, ‘வித்’ வருமா?

பதில் 1:
போடாதீங்க, ‘ஸ்ப்ரெட்’ போதும். ஸ்லாதருக்குச் சரியான தமிழ் ‘அப்பு’. தடவுறது மெல்லிசா, பூசுறது பரப்பு மூடுற அளவுக்கு, அப்புறது கணக்குப் பார்க்காம தடிமனா. தட்டுவடைக்குப் பச்சை சட்னி, கார சட்னி ரெண்டுமே மெல்லிசாத்தான் போகணும். அப்பினா ஈரம் இறங்கி, துருவின பீட்ரூட், கேரட், வெங்காயம் வைச்சுக் கையில கொடுக்கறதுக்குள்ள நமுத்துடும். ஸ்லாதர்னு எழுதினா வெளியூர்க்காரர் சட்னி வழியுற பண்டம்னு நினைச்சுக்குவார்.

பதில் 2:
ஆன், வித் இரண்டும் சரி, வரிசைதான் மாறும். ‘ஸ்லாதர் பட்டர் ஆன் தி பன்’, ‘ஸ்லாதர் தி பன் வித் பட்டர்’. இரண்டாவதில் பன் முழுக்க வெண்ணெய் மூடிய தொனி உண்டு. முதலாவதில் ஒரு ஓரத்தில் அப்பியிருந்தாலும் பொருந்தும். ‘ஸ்லாதர்ட் இன்’ என்றும் எழுதலாம்.

பொருள் குழைவாக இருக்க வேண்டும். வெறும் இட்லிப் பொடிக்கு ‘ஸ்ப்ரிங்கிள்’தான்; அதையே நெய்யில் குழைத்துவிட்டால் ஸ்லாதர் பண்ணலாம்.

உச்சரிப்பில் கவனம். ‘கேதர்’ (gather) என்பதோடு ஒலி ஒக்கும். நடுவில் வரும் த, ‘அது’வின் து போல மென்மையானது. அழுத்தினால் வெட்டிக் கொல்லுகிற ‘ஸ்லாட்டர்’ பக்கம் போய்விடும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியென்றால் ஆடி மாதம் அம்மனுக்குச் சாத்தும் சந்தனக்காப்புக்கு ஸ்லாதர் வருமா? அதுவும் தடிமன்தானே.

பதில் 1:
வராதுங்க. தடிமன் மட்டும் போதாது, அளவில்லாம அள்ளி அப்பின தொனியும் அந்தச் சொல்லுல இருக்கு. காப்புல கண், மூக்கு, உதடுன்னு உருவம் வடிக்கிறாங்க, நிதானமான வேலை. ‘கவர்ட் இன் சாண்டல்வுட் பேஸ்ட்’னு எழுதுங்க. ‘ஸ்மியர்’ இன்னும் மோசம், அழுக்கை ஈஷின மாதிரி ஆயிடும். புகழ்ச்சிக்கு ஸ்லாதர் போட்டாலும் இதே கதைதான்: பாராட்டினார்னு ஆகாது, புகழை அள்ளி அப்பினார்னு ஆகும்.