எக்ஸ்போர்ட் டாக்குமென்டேஷன் வேலைக்கு கவர் லெட்டர்: ஃப்ரெஷர் என்ன எழுதுறது?

கொருக்குப்பேட்டை_கேட்
வணக்கம். பி.காம் முடிச்சிருக்கேன். சென்னை தம்பு செட்டி தெருவுல ஒரு ஃப்ரெயிட் ஃபார்வர்டிங் (சரக்கு அனுப்ப ஏற்பாடு பண்ற) கம்பெனிக்கு எக்ஸ்போர்ட் டாக்குமென்டேஷன் அசிஸ்டன்ட் வேணுமாம். விளம்பரத்துல கேட்டிருக்கறது நாலு: ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்கு கஸ்டம்ஸ்ல கொடுக்கற டிக்ளரேஷன்) பத்தித் தெரியணும், எக்செல், இங்கிலீஷ்ல மெயில் எழுதணும், கட்-ஆஃப் (கப்பலுக்கு சரக்கும் பேப்பரும் கொடுக்கற கடைசி நேரம்) சமயத்துல ஆபீஸ்ல லேட் ஆகுற வரைக்கும் இருக்கத் தயாரா இருக்கணும். ரெஸ்யூமேயோட கவர் லெட்டரும் மெயில்ல கேக்கறாங்க. அனுபவம்னா மண்ணடியில ஒரு சிஎச்ஏ (கஸ்டம்ஸ் புரோக்கர்) ஆபீஸ் இன்டர்ன்ஷிப் மட்டும்தான். நெட்ல கிடைக்கிற மாதிரி லெட்டர் எல்லாத்துலயும் 'ஹார்ட் ஒர்க்கிங், சின்சியர்'னுதான் இருக்கு. எவ்வளவு நீளம் எழுதணும், எதுல ஆரம்பிக்கணும்?

ராஜாஜி_சாலை
அந்த மாதிரியை எல்லாம் விட்டுடுங்க தம்பி. விளம்பரத்தைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு எழுதுங்க. நாலுல ஷிப்பிங் பில், எக்செல் ரெண்டுக்கு மட்டும் நீங்க செஞ்ச வேலையைக் காட்டுங்க. மெயில் எழுதத் தெரியுமான்னு அவங்க இந்த லெட்டரை வெச்சே பார்த்துப்பாங்க. கட்-ஆஃபுக்கு ஒரு வரி போதும்.

நீளம் 200லிருந்து 250 வார்த்தை. முதல் பத்தியில எந்த வேலை, விளம்பரத்தை எங்க பார்த்தீங்க, உங்ககிட்ட இருக்கறதுலயே பலமான விஷயம் எது, இது மூணும் வரணும். இந்த ஆபீஸ்களுக்கு ஒரு நாள்ல வர மெயில் ஏராளம். ரெண்டாவது வரியைத் தாண்டி அவங்களைப் படிக்க வைக்கணும்.

ரெண்டாவது பத்திதான் உயிர். 'ஷிப்பிங் பில் தெரியும்'னு மட்டும் எழுதினா அதுல ஒண்ணும் இல்ல. இன்வாய்ஸையும் பேக்கிங் லிஸ்ட்டையும் ஒப்பிட்டு எச்எஸ்என் கோடு (பொருளோட வகைக்கான எண்), பெட்டி எண்ணிக்கை, நெட் வெயிட், கிராஸ் வெயிட், எஃப்ஓபி மதிப்பு (கப்பல்ல ஏத்தற வரைக்குமான விலை) இதையெல்லாம் சரிபார்த்து, எக்ஸ்போர்ட்டர் அப்ரூவலுக்குப் போற செக்லிஸ்ட்டை (ஷிப்பிங் பில்லோட டிராஃப்ட்) தயார் பண்ணியிருந்தா அதை அப்படியே எழுதுங்க. வெயிட் ஒரு இடத்துல மாறினா அமென்ட்மென்ட் (திருத்தம்) போடணும். அதுக்குள்ள கட்-ஆஃப் தாண்டி கன்டெய்னர் அடுத்த கப்பலுக்குத் தள்ளிப் போகலாம். இதைத் தெரிஞ்சு சரிபார்க்கிற ஆளைத்தான் அவங்க தேடுறாங்க.

ஒண்ணு முக்கியம். 'ஐஸ்கேட்ல ஃபைல் பண்ணேன்'னு எழுதாதீங்க (ஐஸ்கேட்னா கஸ்டம்ஸோட ஆன்லைன் தளம்). ஃபைலிங் போறது புரோக்கரோட டிஜிட்டல் கையெழுத்துல. இன்டர்வியூவுல ரெண்டே கேள்வியில வெளிய வந்துடும், மத்ததையும் நம்ப மாட்டாங்க. 'ஃபைலிங்குக்கு வேண்டியதைத் தயார் பண்ணிக் கொடுத்தேன்'னு எழுதினா அதுவே மரியாதையான வேலை.

எக்செல்லும் அதே மாதிரிதான். விலுக்கப் (VLOOKUP) ஃபார்முலா போட்டு எதை எதோட பொருத்தினீங்கன்னு ஒரு வரி எழுதுங்க.

தேரடி_திருவொற்றியூர்
எழுதறது ஒரு பக்கம், அனுப்பறதுல கோட்டை விடறவங்க அதிகம். மெயில் பாடியைக் காலியா விட்டு ரெண்டு ஃபைலை மட்டும் இணைச்சு அனுப்பாதீங்க. தனி ஃபைலா கேட்கலைன்னா லெட்டரை பாடியிலயே போட்டு, ரெஸ்யூமேயை மட்டும் பிடிஎஃப்பா இணைங்க. ஃபைல் பேர்ல உங்க பேரும் வேலை பேரும் இருக்கட்டும். 'நியூ ரெஸ்யூமே ஃபைனல் 2'ன்னு வந்தா டவுன்லோட் ஃபோல்டர்ல யாரோடதுன்னே தெரியாது. சப்ஜெக்ட்ல வேலை பேர், அடுத்து உங்க பேர்.

பத்து கம்பெனியை ஒரே மெயில்ல சிசி போடவே கூடாது. பழைய லெட்டரைக் காப்பி பண்ணும்போது முந்தின கம்பெனி பேர் எங்கயாவது தங்கிடும், அனுப்பறதுக்கு முன்னாடி அந்தப் பேரை சர்ச் போட்டுப் பாருங்க. உங்களுக்கே ஒரு தடவை அனுப்பி போன்ல திறந்து பாக்கறதும் நல்லது.

கொருக்குப்பேட்டை_கேட்
ரொம்ப நன்றி அண்ணா. சம்பளம் எழுதணுமா? யார் பேருக்கு எழுதறதுன்னும் தெரியல.

மின்ட்_மணிக்கூண்டு
விளம்பரத்துல கேட்டிருந்தா மட்டும் ஒரு வரியில இதுலேருந்து இதுவரைன்னு எழுதுங்க. கேட்கலைன்னா வேணாம். பேர் தெரியலைன்னா 'டியர் ஹைரிங் மேனேஜர்' போதும். அப்பா பேர், பிறந்த தேதி, 'மேலே சொன்னவை உண்மை'ங்கற உறுதிமொழி எதுவும் லெட்டருக்குத் தேவையில்ல.

ஆனா கொருக்குப்பேட்டையில இருக்கீங்கன்னு கட்டாயம் எழுதுங்க. பாரிமுனை பக்கம்தானே, ராத்திரி லேட்டானாலும் வீடு போய்ச் சேரலாம்னு அவங்களுக்குப் புரியும். கட்-ஆஃபுக்கான அந்த ஒரு வரி இதுதான். என்னைக்குச் சேர முடியும்னும் கடைசிப் பத்தியில தேதியோட போடுங்க.

ஒரு வாரம் பதில் வரலைன்னா புது மெயில் போடாம, அனுப்பின மெயிலுக்கே ரிப்ளை பண்ணி ரெண்டு வரி கேளுங்க. பழைய லெட்டரும் கீழயே இருக்கும், அவங்க தேட வேண்டியதில்ல.