சில்லு முதலா, சண்டை முதலா? (றூன்ஸ்கேப் எண்ட ஒன்லைன் விளையாட்டின்ர பழசுகள் மட்டும் வரவும்)

சிங்கிறால்99 | இரவு 8.52

நேற்று வேறொரு இழையில எங்கட கோட்டைமான் ஒரு வசனத்தை எறிஞ்சுபோட்டுப் போயிருக்கிறார்:

//றூன்ஸ்கேப்பைக் கெடுத்தது 2012 நவம்பர்ல சண்டை முறையை மாத்தினதுதான். சில்லு, லாம்ப் எண்டு கத்திறதெல்லாம் விளையாடத் தெரியாதவையின்ர சாட்டு.//

வாசிச்சதில இருந்து சோறு இறங்கேல்ல. அதால தனி இழை.

சரி, விளையாடத் தெரியாதவன் நான்தான் எண்டு வைப்பம். 2007. அப்பாவுக்குக் கடலுக்குப் போகத் தடை, விட்டாலும் நேரக் கட்டுப்பாடு. வள்ளம் கரையில குப்புறக் கிடக்குது. மகன் திருகோணமலை டைக் வீதிப் பக்கம் ஒரு நெட் கபேயில மணித்தியாலத்துக்கு 60 ரூபா குடுத்து, றூன்ஸ்கேப்புக்குள்ள கரம்ஜாத் தீவில சிங்கிறால் பிடிக்கிறான். போர்ட் சரிமில இருந்து கப்பலுக்கு 30 காசு, கூட்டை இறக்கு, பாத்துக்கொண்டு இரு, பை நிரம்பினா திரும்பி வா. ஒருநாள் அப்பா தேடிவந்து பின்னால நிண்டு கனநேரம் பாத்தார். ஏசுவார் எண்டு நினைச்சன். "உது என்ன விலை போகுது?" எண்டு கேட்டார்.

ஒரு சிங்கிறாலுக்கு 90 அனுபவப் புள்ளி. லெவல் 99-க்கு 13,034,431 வேணும். வகுத்துப் பாருங்கோ, ஒரு லட்சத்து நாற்பத்து நாலாயிரத்துக்கு மேல பிடிக்கவேணும். 99 எண்டதுக்கு இருந்த மரியாதை அதுதான். 2012-ல பரிசு விழுகிற ஒரு சில்லைக் கொண்டுவந்து வைச்சான்கள். சுத்து, அனுபவப் புள்ளி தாற லாம்ப் விழுந்தா தேய், 'மீன்பிடி' எண்டு தெரிவு செய். கூடும் இல்லை, கடலும் இல்லை. காசு இருந்தா இன்னும் சுத்து. அண்டைக்கே செத்துப்போச்சு. நவம்பர்ல நடந்தது அந்தியேட்டி.

கோட்டைமான் | இரவு 9.07

//காசு இருந்தா இன்னும் சுத்து. அண்டைக்கே செத்துப்போச்சு.//

பிழை. சில்லு வந்தது 2012 பெப்ரவரி கடைசி. ஸ்பின்னை, அதுதான் சுத்திற வாய்ப்பை, காசுக்கு விக்கத் தொடங்கினது ஏப்ரல். வந்த அண்டைக்கு நீர் ஒரு சதம் குடுத்தும் வாங்க ஏலாது. அப்ப 'அண்டைக்கே' செத்தது இலவசத்தாலயோ?

சண்டைக்கு வருவம். உமக்கு விளங்காது, இருந்தாலும் சொல்லுறன். பழைய முறையில ஒரு 'டிக்', அதுதான் விளையாட்டின்ர நேர அலகு, 0.6 செக்கன். விப்பால (சாட்டை) அடிச்சுக்கொண்டு வந்து, எதிராளி சாப்பிட எடுக்கிற நேரம் பாத்து டிராகன் டாகர் எண்ட கத்திக்கு மாத்தி அதின்ர ஸ்பெஷல் அடி அடிச்சா ரெண்டு வெட்டு ஒண்டா விழும். அந்த நேரத்தைப் பிடிக்க எனக்கு எட்டு மாசம் போனது. நவம்பர் 20-க்குப் பிறகு என்ன? கீழ பொத்தான் வரிசை, அட்ரினலின் பட்டை, 1, 2, 3 எண்டு பியானோ வாசிக்கிறது. எட்டு மாசம் பழகின கை ஒரே இரவில வீண். மீன் பிடிக்கிறவைக்கு இது தெரியாது. மீனுக்கு அட்ரினலின் இல்லை.

சிங்கிறால்99 | இரவு 9.15

அண்ணை, பெப்ரவரி, ஏப்ரல் எண்டு ரெண்டு மாசத்தைப் பிடிச்சுத் தொங்கிறீங்கள். கடையைத் திறந்திட்டு, "முதல் மாசம் யாவாரம் இல்லை, வந்து ருசி மட்டும் பாருங்கோ" எண்டவனை யாவாரி எண்டு சொல்ல ஏலாதோ?

கோட்டைமான் | இரவு 9.17

ருசி பாக்கிறது வேற, விக்கிறது வேற. ஏப்ரல்.

பாதைக்காரன் | இரவு 9.31

கிண்ணியாவில இருந்து ஒரு வார்த்தை. ரெண்டு பேரும் செத்த வீட்டுக்குப் பிந்தி வந்து அழுறீங்க. எங்களுக்கு 2007 டிசம்பரிலயே முடிஞ்சிது. வைல்டர்னஸ் என்ட சண்டைக் காட்டுல ஆளை ஆள் அடிக்கிறதை நிப்பாட்டி, புதுவருசம் பிறந்த கையோட ட்ரேட்டுக்கும், ஆளுக்கு ஆள் பொருள் மாத்திறதுக்கும், பூட்டுப் போட்டாங்க. கோல்ட் (விளையாட்டுக் காசு) விக்கிறவன் களவெடுத்த கிரெடிட் கார்டால மெம்பர் (காசு கட்டுற கணக்கு) எடுக்கிறான், அதை நிப்பாட்டத்தான் என்டாங்க. காரணம் உண்மைதான், நான் மறுக்கல்ல. ஆனா பேன் கடிக்கிது என்டு தலைய வெட்டின மாதிரி. கூட்டாளிக்கு ஒரு வாள் சும்மா குடுக்க ஏலாது.

2011-ல வாக்கெடுப்பு வைச்சாங்க, பன்னிரண்டு லட்சம் வாக்கு, 91 வீதம் 'திரும்பத் தா' என்டிச்சி. தந்தாங்க. அடுத்த வருசமே சில்லு. வெளியால இருந்து ஒருத்தன் காசுக்கு லெவல் வித்தா கள்ளன், உள்ளுக்கு இருந்து வித்தா அப்டேட்.

கோட்டைமான் | இரவு 9.36

நானா, வசனம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அடுத்த வருசம் ஏப்ரல். பெப்ரவரி இல்லை. எல்லாரும் ஒரே பிழையை விடுறியள்.

உப்புவெளி_உமா | இரவு 9.44

ஒரு சின்னக் கேள்வி. கெட்டது, செத்தது எண்டா என்ன? ஆக்கள் குறைஞ்சதோ? கம்பனிக்கு வருமானம் குறைஞ்சதோ? இல்லாட்டி உங்களுக்கு மனம் விட்டுப்போனதோ? மூண்டும் மூண்டு கதை. முதல்ல அதைச் சொல்லிப்போட்டு அடிபடுங்கோ.

கோட்டைமான் | இரவு 9.46

செத்தது எண்டா செத்ததுதான். எல்லாருக்கும் தெரியும்.

இந்தாங்கோ சாட்சி. சில்லு வந்து ஒரு வருசம் ஆராவது "பழைய விளையாட்டைத் தா" எண்டு கேட்டு வென்றவையோ? இல்லை. சண்டை மாறி மூண்டு மாசம் முடிஞ்ச கையோட, 2013 பெப்ரவரி 22, 2007 ஓகஸ்ட் மாசத்துப் பிரதியைத் தூசு தட்டி எடுத்து 'ஓல்ட் ஸ்கூல்' எண்டு தனியாத் திறந்தான்கள். நாலரை லட்சம் வாக்குக்குக் கிட்ட விழுந்தது. அந்த வாக்கெல்லாம் லாம்புக்கு எதிராவோ விழுந்தது? மூண்டு மாசம்! எண்ணுங்கோ.

சிங்கிறால்99 | இரவு 9.53

எண்ணினன். இப்ப நீங்கள் எண்ணுங்கோ. அந்த ஓல்ட் ஸ்கூலில சில்லு எத்தினை? பூச்சியம். பழைய சண்டையைத் திருப்பிக் குடுக்கிறதுதான் நோக்கம் எண்டா, சில்லையும் ஒரு மூலையில வைச்சிருக்கலாமே, ஏன் வைக்கேல்ல? வைச்சா ஒரு குஞ்சும் வராது எண்டு தெரியும்.

இன்னொண்டு. 2014-ல மற்றதிலயும், அதுதான் சண்டை மாத்தின றூன்ஸ்கேப்பில, 'லெகசி' எண்டு பழைய சண்டையை விட்டவை. சண்டைதான் நோய் எண்டா அண்டைக்குச் சுகம் வந்திருக்க வேணும். நீங்கள் திரும்பிப் போனனீங்களோ?

கோட்டைமான் | இரவு 9.55

லெகசி பொய்ப்பல்லு. அதால கடிக்க ஏலாது.

உம்மட வாதம் முழுக்க 'வந்த அண்டைக்கே காசு' எண்டதில நிக்குது. அது பிழை எண்டு காட்டியாச்சு. அத்திவாரம் இல்லாத வீட்டுக்கு ஏன் பெயின்ற் அடிக்கிறீர்?

சீனக்குடா_பொடி | இரவு 10.02

அண்ணைமார், நான் 2018-ல போனுக்கு வந்த பிறகுதான் ஓல்ட் ஸ்கூல் தொடங்கினனான். எனக்கு ஒண்டும் செத்த மாதிரித் தெரியேல்ல. புதுசா ஏதும் போடுறது எண்டா வாக்குக் கேக்கினம், நான் வந்த நேரம் 75 வீதம் வேணும். மெம்பர்ஷிப்புக்கு நான் ஒரு சதம் குடுக்கேல்ல. கோல்ட் சேத்து, மெம்பர்ஷிப்பா மாத்தக்கூடிய போண்ட் எண்ட பொருளை வாங்கிறன், ரெண்டு கிழமை ஓடும். 2022-ல லிங்கநகர் பெற்றோல் செட் கியூவில ஸ்கூட்டியோட நிண்ட நேரம்தான் என்ர மரம் வெட்டுற லெவல் ஏறினது. டொலர் 200-ல இருந்து 360-க்கு ஓடேக்க எனக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

சிங்கிறால்99 | இரவு 10.08

தம்பி, அந்த போண்ட் வானத்தில இருந்து விழேல்ல. எங்கையோ ஒருத்தன் டொலர் குடுத்து வாங்கி, உம்மட்டைக் கோல்டுக்கு வித்தவன். நீர் கியூவில நிண்டு வெட்டின மரம் அவன்ர பையில. அவன்ர நேரத்தை நீர் வேலை செய்து குடுத்தனீர். கூலிக்கு மெம்பர்ஷிப்.

சீனக்குடா_பொடி | இரவு 10.10

கியூவில சும்மா நிக்கிறதுக்கு அது பரவாயில்லைத்தானே அண்ணை. பெற்றோல் அண்டைக்கும் கிடைக்கேல்ல.

பாதைக்காரன் | இரவு 10.14

பொடியன் சொல்றதுலயும் ஞாயம் ஈக்கி.

கோட்டைமான் | இரவு 10.15

போண்ட் வந்தது 2013 செப்ரெம்பர், ஓல்ட் ஸ்கூலுக்கு 2015. பெப்ரவரிக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இழையைத் திசை திருப்பாதேங்கோ.

உப்புவெளி_உமா | இரவு 10.22

என்ர கேள்விக்கு ஒருத்தரும் பதில் சொல்லேல்ல. பரவாயில்லை, பழகிப்போச்சு.

கோட்டைமான், அந்த இலவச ஸ்பின்னைப் பற்றி மட்டும் ஒண்டு. கோயில் திருவிழாவில சில்லுக்காரன் முதல் சுத்து சும்மா விடுறது தருமத்துக்கோ? கை பழகோணும். மேப்பிள் ஸ்டோரி எண்ட கொரிய விளையாட்டுத் தெரியும்தானே, அங்கையும் இதுதான். 2010-ல, ஆயுதத்தின்ர சக்தியைக் குலுக்கி மாத்திற 'கியூப்' எண்டு ஒண்டை விக்கத் தொடங்கினவை. பிறகு நல்லது விழுகிற வாய்ப்பைச் சனத்துக்குச் சொல்லாமலே குறைச்சவை. சில சேர்மானம் விழவே விழாத மாதிரி வைச்சிருந்தவை, சனம் அது விழும் எண்டு நம்பிக் காசைக் கொட்டினது. 2024 ஜனவரியில கொரியாவின்ர நியாய வர்த்தக ஆணைக்குழு 1,160 கோடி வொன் தண்டம் போட்டது. சில்லு எண்டா உள்ளுக்கு என்ன எண்டு சுத்திறவனுக்குத் தெரியாது. எந்த மாசம் எண்டது அதுக்குப் பிறகு வாற கேள்வி.

கோட்டைமான் | இரவு 10.25

மேப்பிள் ஸ்டோரி கார்ட்டூன். அதுக்கு வேற இழை திறவுங்கோ. றூன்ஸ்கேப்பில எந்த மாசம் எண்டதுதான் இஞ்ச கேள்வி.

உப்புவெளி_உமா | இரவு 10.26

தலைப்பில அப்பிடி இல்லையே.

கோட்டைமான் | இரவு 10.33

சரி, நான் சொல்லாமல் விட்டதையும் சொல்லுறன். நியாயம் கதைக்கிற சிங்கிறால் ஆர் எண்டு எல்லாரும் தெரிஞ்சு வைச்சிருங்கோ. 2008 மே மாசம், வெசாக் லீவு, அதே நெட் கபே, எனக்கு ரெண்டு கதிரை தள்ளி இருந்து, "ஆர்மருக்குக் கரை வைச்சுத் தாறன்" எண்டு என்ர றூன் பிளேட் எண்ட நெஞ்சுக் கவசத்தை ட்ரேட்டில வாங்கிப்போட்டு லொக் அவுட் பண்ணின ஆள் இவர்தான். எழும்பிப் பாத்தா கதிரை காலி. வருமதி 60 ரூபாயும் குடுக்காமல் ஓடினவர்.

சிங்கிறால்99 | இரவு 10.35

பச்சைப் பொய். 60 ரூபா நான் மற்றநாள் குடுத்தனான்.

பாதைக்காரன் | இரவு 10.39

கோட்டைமான், பொறுங்க. 2008 மே என்டீங்க. அப்ப ட்ரேட் பூட்டு. ரெண்டு பக்கமும் பெறுமதி கிட்டத்தட்ட சமனா இல்லாட்டி திரையே விடாது, ஒரு சில ஆயிரம் காசு வித்தியாசம்தான் விடும். றூன் பிளேட்டை சும்மா வாங்கிட்டு ஓட ஏலாது. 2011 வரைக்கும் அப்பிடி ஒரு களவு நடக்கவே வழியில்ல.

உப்புவெளி_உமா | இரவு 10.40

😂

கோட்டைமான் | இரவு 10.44

மாசம் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கலாம். 2007 ஆகவும் இருக்கலாம். பிளேட் போனது உண்மை.

உப்புவெளி_உமா | இரவு 10.45

சில்லுக்கு ஏப்ரல் ஒரு நாள் பிசகக் கூடாது, பிளேட்டுக்கு ஒரு வருசம் முன்னப்பின்ன.

கோட்டைமான் | இரவு 10.46

அது ஆவணம். இது மனக்காயம்.

சிங்கிறால்99 | இரவு 10.51

அந்த நெட் கபேயைப் பற்றிக் கதை வந்தபடியா: ஏழு கொம்பியூட்டர், அதில ஜாவா ஒழுங்கா ஓடினது ரெண்டில. ஃபான் முதலாளிக்கு மட்டும். மூலைக் கொம்பியூட்டரில 'இ' எழுத்துத் தேய்ஞ்சு, மூலைமட்டத்தால கீறின அடையாளம் இருந்தது. அந்தக் கதிரைக்காக நான் ஆறு மணிக்கே போய் நிண்டிருக்கிறன். இவர் வாறது பத்து மணிக்கு, வந்து "எழும்பு, நான் மெம்பர்" எண்டுவார். பிளேட்டைப் பற்றி இவர் கதைக்கிறார்.

பாதைக்காரன் | இரவு 10.54

மூலைமட்டமா, கவராயமா?

சிங்கிறால்99 | இரவு 10.55

கவராயம். விரல் பிழைச்சிட்டுது.

கோட்டைமான் | இரவு 10.56

60 ரூபாயும் பிழை. 80. பிரதான வீதிப் பக்கம் இருந்ததுதான் 60.

சிங்கிறால்99 | இரவு 10.57

60.

கோட்டைமான் | இரவு 10.57

80. எண்டபடியாத்தான் நான் மணித்தியாலத்துக்கு மேல இருந்ததில்லை.

சீனக்குடா_பொடி | இரவு 11.03

அண்ணைமார் ரெண்டு பேரும் இப்ப விளையாடுறேல்லையோ? வேர்ல்ட் நம்பர் சொன்னா நான் வாறன்.

கோட்டைமான் | இரவு 11.12

நான் 2012 நவம்பர்ல விட்டது. காரணம் மேல எழுதியாச்சு.

சுருக்கமாச் சொல்லுறன், எல்லாரும் வாசியுங்கோ. (1) சில்லு பெப்ரவரி. (2) விற்பனை ஏப்ரல். (3) ஆகவே சிங்கிறாலின்ர 'அண்டைக்கே' பிழை. (4) ஆகவே சண்டைதான்.

உப்புவெளி_உமா | இரவு 11.14

மூண்டில இருந்து நாலுக்கு எந்தப் பாதையில வந்தனீங்கள்?

கோட்டைமான் | இரவு 11.20

ஏப்ரல் எண்டதுக்கு என்னட்டை ஸ்கிறீன்ஷொட் இருக்கு. முதல் விலைப் பட்டியல், திகதியோட. பழைய ஹார்ட் டிஸ்க்கில. அது தங்கச்சி வீட்டில, பாலையூற்றில. நாளைக்கு எடுத்துப் போடுறன். அதுக்குப் பிறகு ஒருத்தரும் வாய் திறக்க ஏலாது.

கோட்டைமான் | இரவு 11.21

பிளேட் போன ஸ்கிறீன்ஷொட்டும் அதிலதான்.

சிங்கிறால்99 | இரவு 11.23

போன தைப்பொங்கலுக்கும் அந்த ஹார்ட் டிஸ்க் நாளைக்குத்தான் வாறதா இருந்தது. போடேக்க 60 ரூபா எண்டு எழுதின பலகையும் விழுந்திருக்குதோ எண்டு பாருங்கோ. கதவுக்குப் பக்கத்தில, இடது கைப் பக்கம்.

கோட்டைமான் | இரவு 11.24

வலது கை.